கீழ்ப்படிதல் யாருக்கு?

குரும்பலூர் போன்ற சிற்றூர்ச் சபைகளில், திருமணச் செய்திக்கு எபேசியர் 5ஆம் அதிகாரத்தை எடுக்கும் போதகர் 22ஆம் வசனத்திலிருந்தே தொடங்குவதுண்டு. மணமகள் தலைகுனிந்து நிற்கிறாள். (நானும் பல ஆண்டுகள் அவ்வாறே வாசித்தவன்.) ஆனால் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளான 46ஆம் பாப்பிரசுச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அவ்வசனத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் வினைச்சொல்லே இல்லை. விசுவாசிகள் யாவரும் கிறிஸ்துவுக்குரிய பயபக்தியோடு ஒருவருக்கொருவர் பணிவதைக் கூறும் 21ஆம் வசனத்தின் வினையே அங்கும் தொடர்கிறது. அதுவோ 18ஆம் வசனத்தின் ஆவியால் நிறைந்திருத்தலோடு பிணைந்தது. ஆகவே மனைவியின் பணிவைச் சபையார் அனைவரின் பணிவிலிருந்து அறுத்தெடுத்தால் வாக்கியமே நில்லாது. கணவனுக்கு இப்பகுதி கட்டளையிடும் உரிமையைத் தரவில்லை. தன்னையே ஒப்புக்கொடுக்கச் சொல்கிறது. 1 கொரிந்தியர் 7:4இல், கணவனுடைய சரீரத்தின்மேல் மனைவிக்கு அதிகாரம் உண்டென்றும் பவுல் எழுதுகிறார். அவ்வசனத்தை எந்தத் திருமணச் செய்தியிலும் நான் கேட்டதில்லை.