தாத்தா என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

எழுபது வயதைத் தாண்டிய அப்பாவோ அம்மாவோ திடீரென்று மயங்கி விழுந்தால் என்ன செய்கிறோம்? 108-க்கு போன் போடுகிறோம். கையில் கிடைத்த பணத்தையும் பழைய எக்ஸ்ரே கவரையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்கிறார்: "என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?"

அங்கேதான் திணறல் ஆரம்பம்! "பிரஷருக்கு ஒண்ணு டாக்டர்... சின்னதா, வெள்ளையா இருக்கும். சுகருக்கு ரெண்டு. ஹார்ட்டுக்கும் ஏதோ சாப்பிடறார். அம்மாவுக்குத்தான் தெரியும்." அம்மாவோ வீட்டில்!

வெள்ளை மாத்திரை என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. பெயர் வேண்டும், எத்தனை மில்லிகிராம் என்பது வேண்டும், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதும் வேண்டும்.

பெயர் தெரிந்தால் என்ன லாபம்?

பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் அடி. வெளியே காயமே இல்லை, பெரியவர் நன்றாகப் பேசுகிறார். ஆனால் அவர் வார்ஃபரின், அசிட்ரோம் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், மண்டைக்குள் மெள்ள மெள்ள ரத்தம் கசியக்கூடும். இது தெரிந்தால் டாக்டர் தாமதிக்காமல் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.

பக்கவாதத்திலும் இதே கதைதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தம் உறையாமைக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவருக்கு அதே ஊசி ஆபத்தாகலாம். அதனால்தான் கடைசி வேளை எப்போது என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்தால், குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்துவிடுவார். "சரியாயிடுச்சே, வீட்டுக்குப் போலாமா?" என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த மாத்திரையின் வேலை உடம்பில் தொடர்வதால் சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். பெயர் தெரிந்தால் டாக்டர் படுக்க வைத்துக் கவனிப்பார்.

அட்டினலால், மெட்டோபுரோலால் போன்றவை நாடித்துடிப்பை நிதானப்படுத்தும். உள்ளே ரத்தப்போக்கு இருந்தாலும் நாடி வேகமெடுக்காமல் ஏமாற்றும்.

கூச்சப்படாமல் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. ஆண்மைக் குறைவுக்கான சில்டனாஃபில் போன்ற மாத்திரையைச் சாப்பிட்டிருப்பவருக்கு, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுத்தால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று சரியும். டாக்டரிடம் மறைத்தால் உயிருக்கே ஆபத்து!

ஒரே ஒரு தாள் போதும்

• பெரியவரின் பெயர், வயது. என்னென்ன நோய், என்ன ஆபரேஷன்? ஸ்டென்ட், பேஸ்மேக்கர் இருக்கிறதா?

• ஒவ்வொரு மாத்திரையின் பெயர், மில்லிகிராம், எந்த வேளை. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்பதால், அட்டையில் அச்சாகியிருக்கும் மருந்தின் மூலப்பெயரையும் எழுதுங்கள்.

• இன்சுலின் என்றால் எந்த வகை, எத்தனை யூனிட்.

• கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரை, சித்த, ஆயுர்வேத மருந்துகள். "அதெல்லாம் மருந்தா?" என்று விட்டுவிடாதீர்கள்.

• எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? என்ன ஆனது?

• வழக்கமான டாக்டர் மற்றும் குடும்பத்தில் இருவரின் போன் நம்பர். எழுதிய தேதி.

சீட்டில் இருப்பதை அப்படியே காப்பி அடித்தால் போதாது. "கால் வீங்குதுன்னு அதை நிறுத்திட்டேன்" என்று பாட்டி ரகசியமாகச் சொல்வார். திட்டாமல் கேளுங்கள். நிஜமாகச் சாப்பிடுவது எது, விட்டது எது என்று இரண்டையும் எழுதுங்கள். வெகுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதே மயக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம்!

எங்கே வைப்பது?

பீரோவுக்குள் பூட்டி வைத்தால் பிரயோஜனமில்லை. பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இன்னொரு காப்பி பெரியவரின் பர்ஸில் இருக்கட்டும். போட்டோ எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை உள்பட எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். இப்போதைய செல்போன்களில் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தகவல் பகுதி உண்டு. அதிலும் முக்கிய மருந்துகளைப் பதிந்து வைக்கலாம்.

மாத்திரை அட்டையை வெட்டும்போது பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை விட்டு வையுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது தாளோடு எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாரம் முழுக்க மாத்திரை பிரித்து வைக்கும் டப்பா இருந்தால் அதுவும் வரட்டும். எந்த வேளை காலி என்று பார்த்தாலே கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் 2021 முதல் பலருக்கு பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றையும் தாளில் சேருங்கள். டாக்டர் மருந்தை மாற்றிய அன்றே பழைய தாளைக் கிழித்துப் புதிதாக எழுதுங்கள். தப்பான தாள், தாளே இல்லாததைவிட மோசம்!

வரும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை டப்பாவோடு தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். அரைமணி நேர வேலைதான். எழுதி முடித்ததும் பள்ளிக்கூடம் போகும் பேரன் பேத்தியைக் கூப்பிட்டு, தாள் இருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். அவசரம் வரும்போது வீட்டில் அவர்கள் மட்டும்கூட இருக்கலாம்.