பெங்களூரில் கிரிக்கெட்: விமான நிலைய ஹோட்டல் யாருக்கு லாபம்?

புது தில்லி: பெங்களூரில் பெரிய கிரிக்கெட் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டால், டிக்கெட் கைக்கு வருவதற்கு முன்பே ஹோட்டல் அறைக்கான போட்டி தொடங்கிவிடுகிறது. வெளியூரிலிருந்து விமானத்தில் வரும் ரசிகருக்கு முதலில் தோன்றுவது, "விமான நிலையத்துக்கு அருகிலேயே ஓர் அறை எடுத்துவிடலாம்" என்ற எண்ணம்தான். பல நகரங்களில் இது நியாயமான எண்ணம். பெங்களூரிலோ, பணத்தையும் நேரத்தையும் ஒருசேர இழக்கச் செய்யக்கூடிய எண்ணம். அதற்கான காரணங்களில் சில அந்த நகரின் வரைபடத்தில் உள்ளன. சில, தில்லியில் எடுக்கப்பட்ட முடிவுகளில் உள்ளன.

35 கி.மீ. தூரம்

பெங்களூரு எம். சின்னசாமி மைதானம் நகரின் நட்டநடுவே, கப்பன் பூங்காவை ஒட்டி அமைந்துள்ளது. கெம்பேகௌடா சர்வதேச விமான நிலையமோ நகருக்கு வடக்கே தேவனஹள்ளி அருகே உள்ளது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 35 கி.மீ. தூரம். 2008-ம் ஆண்டு மே 24-ம் தேதி புதிய விமான நிலையம் திறக்கப்படும் வரை, பயணிகள் விமானங்கள் நகருக்குள்ளேயே இருந்த எச்.ஏ.எல். விமான நிலையத்தில்தான் இறங்கின. அன்றைக்கு "விமான நிலையத்துக்கு அருகில்" என்றால் மைதானத்துக்கும் அருகில் என்றே பொருள். இன்று அப்படியல்ல.

சென்னையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மீனம்பாக்கத்தில் இறங்குபவர், விமான நிலையத்திலேயே மெட்ரோ ரயில் ஏறி, சேப்பாக்கம் மைதானத்துக்கு அருகில் உள்ள அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கிவிடலாம். பெங்களூரு மைதானத்தின் வாசலிலும் கப்பன் பூங்கா மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதை விமான நிலையத்தைத் தொடவில்லை. சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வழியாக விமான நிலையம் வரை 58 கி.மீ. நீள மெட்ரோ பாதைக்கு மத்திய அமைச்சரவை 2021-ம் ஆண்டு ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. அது விமான நிலையம் வரை முழுமையாக ஓடத் தொடங்கும் வரை, மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் "வாயு வஜ்ரா" பேருந்தும் வாடகைக் காரும்தான் வழி.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். மாலை 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு, அலுவலகம் விடும் நேரத்தில்தான் மைதானத்துக்குப் புறப்பட வேண்டியிருக்கும். ஹெப்பாள் மேம்பாலத்தைக் கடக்கும் வேளையில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். ஆட்டம் முடிந்து திரும்பும்போது நள்ளிரவை நெருங்கிவிடும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வாடகைக் கார் தேடுவார்கள். விமான நிலைய ஹோட்டலில் தங்குபவர் இந்தத் தூரத்தை இரு முறை கடக்க வேண்டும். அறை வாடகையில் மிச்சப்பட்ட பணம் கார் வாடகையில் போய்விடும்.

எப்போது பொருத்தம்?

விமான நிலைய ஹோட்டலே கூடாது என்பதல்ல. மறுநாள் விடியற்காலையில் விமானம் இருந்தால், குறிப்பாகக் குடும்பத்துடனும் மூத்தவர்களுடனும் வந்தவர்களுக்கு, அது நிம்மதி தரும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். காலை 6 மணி விமானத்துக்கு 4 மணிக்குள் நிலையத்தில் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து அறைக்கு வந்து சேரும்போது மணி ஒன்று ஆகியிருக்கும். மூன்று மணி நேர உறக்கத்துக்கு ஒரு நாள் முழுவதற்குமான வாடகை தர நேரிடும். இத்தகையோருக்காக, சில மணி நேரத்துக்கு மட்டும் அறை தரும் இடைத்தங்கல் விடுதி விமான நிலைய வளாகத்திலேயே உள்ளது. அல்லது நகரிலேயே தங்கி, சாலை வெறிச்சோடிக் கிடக்கும் அதிகாலை இரண்டரை மணிக்குப் புறப்படலாம்.

"விமான நிலையம்" என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய விடுதிகள் அனைத்தும் அருகில் இருப்பவை அல்ல. வளாகத்துக்குள் இருப்பது தாஜ் போன்ற உயர்கட்டண ஹோட்டல். மற்றவை தேவனஹள்ளி ஊரிலும், சாதஹள்ளி சுங்கச்சாவடிப் பகுதியிலும், எலஹங்காவிலும், ஹெப்பாள் வரையிலும் பரவியுள்ளன. ஹெப்பாளில் இருப்பது உண்மையில் நகர விடுதி. விமான நிலையத்தைவிட மைதானத்துக்கே அது நெருக்கம். எனவே பெயரைப் பார்க்காமல், முகவரியைப் பார்த்து முடிவு செய்வதே சரி. இலவச வாகனம் உண்டு என்றால் எந்த நேரம் வரை, எந்த முனையம் வரை என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2022-ம் ஆண்டு நவம்பரில் திறந்துவைக்கப்பட்ட இரண்டாவது முனையத்துக்கு 2023 செப்டம்பரில் சர்வதேச விமானங்கள் மாற்றப்பட்டன என்பதை, வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்கள் நினைவில் கொள்வது நல்லது.

மாறும் தேதி, மாறும் ஊர்

தூரத்தைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. 2023-ம் ஆண்டு உலகக் கோப்பை அட்டவணை ஜூன் 27-ம் தேதி வெளியிடப்பட்டது. பெங்களூரில் இந்தியா - நெதர்லாந்து ஆட்டம் நவம்பர் 11 என்று அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 9-ம் தேதி ஒன்பது ஆட்டங்களின் அட்டவணை திருத்தப்பட்டபோது, அந்த ஆட்டம் தீபாவளி நாளான நவம்பர் 12-க்குத் தள்ளிப்போனது. டிக்கெட் விற்பனையோ ஆகஸ்ட் 25-ம் தேதிதான் தொடங்கியது. அதாவது, டிக்கெட் விற்கப்படுவதற்கு முன்பே அறை பதிவு செய்தவர்களுக்குத் தேதியே மாறிவிட்டது.

தேதி மட்டுமல்ல, ஊரும் மாறியிருக்கிறது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 17-ம் தேதி சின்னசாமி மைதானத்துக்கு வெளியே குண்டுகள் வெடித்ததையடுத்து, அங்கு நடக்கவிருந்த ஐ.பி.எல். அரையிறுதி ஆட்டங்கள் நவி மும்பைக்கு மாற்றப்பட்டன. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை அணியின் சொந்த ஊர் ஆட்டங்கள் புணேவுக்குச் சென்றதைத் தமிழக ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025-ம் ஆண்டு மே 23-ம் தேதி நடக்கவிருந்த பெங்களூரு - ஹைதராபாத் ஆட்டம், மழையைக் காரணம் காட்டி, மூன்றே நாள்களுக்கு முன்பு லக்னௌவுக்கு மாற்றப்பட்டது.

அடுத்த மாதமே பெரும் துயரம் நிகழ்ந்தது. ஜூன் 4-ம் தேதி, ஐ.பி.எல். கோப்பை வெற்றிக் கொண்டாட்டத்தின்போது மைதானத்துக்கு வெளியே ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். அதன் தொடர்ச்சியாக, மகளிர் உலகக் கோப்பையில் பெங்களூருக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஆட்டங்கள் கைநழுவின. தொடக்க ஆட்டம் குவாஹாட்டிக்கும், அரையிறுதி நவி மும்பைக்கும் சென்றன. மனித உயிரிழப்புக்கு முன்னால் அறை வாடகை ஒரு பொருட்டல்ல. ஆனாலும், மைதானம் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை காணப்படாதபோது, அதன் சுமை கடைசியில் ரசிகரின் தலையிலேயே விழுகிறது என்பதற்கும் இதுவே சான்று.

ஆட்டம் மாறினால் டிக்கெட் பணத்தைப் போட்டி அமைப்பாளர்கள் திருப்பித் தரலாம். ஹோட்டலுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. "ரத்து செய்தால் பணம் திரும்பாது" என்ற நிபந்தனையுடன் குறைந்த வாடகைக்கு அறை எடுத்தவர் முழுத் தொகையையும் இழக்க நேரிடும். ஏழு நாள்களுக்கு முன்புவரை ரத்து செய்யலாம் என்ற சலுகைகூட, மூன்று நாள்களுக்கு முன்பு நிகழ்ந்த 2025 மே மாற்றத்தில் உதவியிருக்காது. எனவே சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாலும், 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்புவரை கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியுள்ள அறையே போட்டிக்குச் செல்பவருக்கு ஏற்றது.

ரூ.7,500 என்ற எல்லைக்கோடு

ஜி.எஸ்.டி. கவுன்சில் 2025 செப்டம்பரில் எடுத்த முடிவின்படி, நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான அறைக்கு 5 சதவீத வரி. அதைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு வாடகைக்குமே 18 சதவீதம். சாதாரண நாளில் ரூ.7,000 வாடகை உள்ள அறைக்கு வரி ரூ.350, மொத்தம் ரூ.7,350. போட்டி நாளில் அதே அறை ரூ.8,000 ஆனால் வரி ரூ.1,440, மொத்தம் ரூ.9,440. வாடகை ஆயிரம் ரூபாய் உயர்ந்தால், பில் ரூ.2,090 உயர்கிறது. அதே சீர்திருத்தத்தில் ஐ.பி.எல். டிக்கெட்டுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

வாடகைக்கு உச்சவரம்பு உண்டா என்றால், இல்லை. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் தூரத்துக்கு ஏற்ப விமானக் கட்டணத்துக்குத் தற்காலிக வரம்பு விதித்தது. ஹோட்டல் வாடகைக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

சட்டம் தரும் பாதுகாப்பு

ஆயினும் ரசிகர் முற்றிலும் கைவிடப்படவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணையவழி விற்பனையில் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்துள்ளன. முதலில் குறைந்த விலையைக் காட்டிக் கடைசிக் கட்டத்தில் கட்டணங்களைச் சேர்ப்பது, "ஒரே ஓர் அறைதான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலேயே காப்பீட்டைச் சேர்ப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். உணவு பில்லில் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்ற ஆணையத்தின் 2022-ம் ஆண்டு நெறிமுறையை, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது.

இணையதளத்தில் காட்டப்படும் விலையே இறுதி விலை என்று நம்பவும் வேண்டியதில்லை. வேறு தளங்களில் குறைந்த வாடகைக்கு அறை தரக் கூடாது என்று ஹோட்டல்களைக் கட்டுப்படுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப் - கோஐபிபோ நிறுவனத்துக்கு ரூ.223.48 கோடி அபராதம் விதித்தது. உத்தரவு மேல்முறையீட்டுக்குச் சென்றது. எப்படியாயினும், ஹோட்டலையே நேரில் தொலைபேசியில் அழைத்து வாடகையைக் கேட்பதில் இழப்பு ஏதும் இல்லை.

உறுதி செய்த அறையை ஹோட்டலே ரத்து செய்து கூடுதல் விலைக்கு விற்றாலோ, பேசிய வாடகைக்கு மேல் கேட்டாலோ, அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் முறையிடலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். சேலத்துக்காரர் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. பதிவு ரசீதும், ரத்து நிபந்தனையின் நகலும் கையில் இருந்தால் போதும்.

ஓசூர் வழியே வருவோருக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலத்திலிருந்து சாலை வழியே வருவோருக்கு விமான நிலைய ஹோட்டல் எவ்வகையிலும் பொருந்தாது. அது நகரின் எதிர்க்கோடியில் உள்ளது. 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் பாதை, ஓசூர் சாலையில் உள்ள பொம்மசந்திரா வரை வருகிறது. அப்பகுதியிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ தங்கி, ஆர்.வி. சாலையிலும் மெஜஸ்டிக்கிலும் ரயில் மாறி மைதானத்தை அடையலாம். புறப்படும் முன், அன்றைய கடைசி ரயிலின் நேரத்தை விசாரித்துக்கொள்வது அவசியம்.

இந்த எதிர்க்கோடிச் சிக்கலுக்குப் பின்னால் ஓர் அரசியல் வரலாறும் உண்டு. பெங்களூரு விமான நிலைய நிறுவனத்துடன் மத்திய அரசு 2004-ம் ஆண்டு செய்துகொண்ட ஒப்பந்தம், மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கி.மீ. வான் தூரத்துக்குள் வேறு சர்வதேச விமான நிலையத்தை 25 ஆண்டுகளுக்கு அனுமதிப்பதில்லை என்கிறது. 2008-ல் திறக்கப்பட்டதால் இந்தக் கட்டுப்பாடு 2033 வரை நீள்கிறது. ஓசூர் விமான நிலையக் கோரிக்கை எழும்போதெல்லாம் குறுக்கே நிற்பது இந்த விதிதான். ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27-ம் தேதி சட்டப்பேரவையில் அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அந்த அறிவிப்பு செயலாக வேண்டுமெனில், தில்லியில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்துக்கு முதலில் ஒரு வழி காண வேண்டும்.

அதுவரை ரசிகர் செய்யக்கூடியது எளிமையானது. திரும்பும் விமானத்தின் நேரத்தை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து மைதானத்துக்கான தூரத்தை. அதற்கடுத்து ரத்து நிபந்தனையை. வாடகை நான்காவதாகத்தான் வர வேண்டும்.