உவர்மலை வெக்கையில் அணையும் கணினிகள்: தாய்ப்பலகையில்தான் குற்றமா?

திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டி, ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் எனவும் தமிழில் உவர்மலை எனவும் வழங்கும் பகுதியில் வாழ்வோருக்கு வெக்கையும் உப்புக்காற்றும் புதியவை அல்ல. கூரைத் தகடும் யன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் இவ்விரண்டுக்கும் இரையாவதை அவர்கள் நாளாந்தம் காண்கின்றனர். ஆனால் அதே வெக்கையும் அதே உப்பும் மேசைக் கணினியின் பெட்டிக்குள்ளும் புகுந்து தம் வேலையைச் செய்கின்றன என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. மதிய வேளையில் கணினி தானாகவே அணைந்துவிடுமானால், ‘தாய்ப்பலகை போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்’ என்ற தீர்ப்பு எளிதாகவே வழங்கப்பட்டுவிடுகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை உயர்ந்ததன் பின்னர், இறக்குமதிப் பொருளான கணினியை மாற்றுவது நடுத்தரக் குடும்பமொன்றுக்குச் சிறிய காரியமன்று. பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளை உள்ள வீட்டில் இதன் சுமை இரட்டிப்பாகும். எனவே அத்தகைய தீர்ப்பை ஏற்பதற்கு முன்னர் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளை இங்கு நோக்குவோம்.

கணினி சூடாவது இயல்பானதே. புரோசசர் என நாம் அழைக்கும் மையச் செயலி, தான் பெறும் மின்சாரத்தை ஏறத்தாழ முழுமையாகவே வெப்பமாக மாற்றிவிடுகின்றது. 65 வாற் செயலியொன்றை எடுத்துக்கொண்டால், பழைய 60 வாற் குண்டு மின்குமிழ் வெளியிட்ட வெப்பத்துக்கு இணையான வெப்பம் விரல்நகம் அளவேயான ஒரு சில்லிலிருந்து வெளியேற வேண்டியுள்ளது. அதன்மேல் பொருத்தப்பட்டுள்ள அலுமினியத் தகட்டுத் தொகுதியும் (ஹீட் சிங்க்) மின்விசிறியும் அவ்வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கடத்துகின்றன. இங்கு ஒரு முக்கிய உண்மை அடங்கியுள்ளது. இவ்வகை விசிறியால் செயலியை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவர ஒருபோதும் முடியாது. அறை எவ்வளவு சூடோ, அதன்மேல்தான் செயலியின் சூடு ஏறி நிற்கும்.

வெளிநாட்டு நூல்களிலும் கையேடுகளிலும் காணப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் அளவான அறையை மனதிற்கொண்டு எழுதப்பட்டவை. திருகோணமலையிலோ மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் பகல் வெப்பநிலை 33, 34 பாகையை எட்டுவது வழமை. தகட்டுக் கூரையின் கீழ் அதற்கும் மேல். ஆகவே அங்கு 70 பாகையில் நிற்கும் அதே செயலி, அதே வேலையைச் செய்கையில் இங்கு 84 பாகையில் நிற்கும். கணினியில் குறையேதும் இல்லாமலேயே அதன் பாதுகாப்பு இடைவெளியில் பெரும்பகுதி போய்விடுகின்றது. எஞ்சியதைத் தூசு தின்றுவிடுகின்றது.

பெரும்பாலான இன்டெல் செயலிகளின் உச்ச வரம்பு 100 பாகை அளவிலும், ஏஎம்டி நிறுவனத்தின் அண்மைய ரைசன் வகைகளில் 90 அல்லது 95 பாகையாகவும் உள்ளது. வரம்பை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனாலும் இயலாதபோது கணினியை அணைத்துவிடும். இவ்வசதி எப்போதும் இருந்ததில்லை. 2001 இல் செயலிகள் சிலவற்றின் தகட்டுத் தொகுதியை ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றிப் பார்த்த சோதனையொன்றில், அக்கால அத்லன் செயலி நொடிப்பொழுதில் கருகிப்போக, பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. இன்றுள்ள செயலிகள் யாவும் தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றன. அணைந்துபோகும் கணினி பெரும்பாலும் செத்த கணினியன்று என்பதற்கு இதுவே காரணம். கணினி மெதுவாக இயங்குவதை வைரஸ் என எண்ணி மென்பொருள்களை மாற்றிக்கொண்டிருப்போர், அது வெப்பத்தின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதை அறிதல் நன்று.

முதலில் குற்றம் வெப்பத்தினுடையதுதானா என உறுதிசெய்ய வேண்டும். காலையில் நெடுநேரம் இயங்கி, மதியத்தில் விரைவில் அணைகின்றதா? அணைந்த உடனேயே இயக்கினால் முன்னதைவிட விரைவில் அணைந்து, அரைமணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் நன்கு இயங்குகின்றதா? இவ்விரண்டுக்கும் விடை ஆம் எனில் வெப்பமே காரணமாதல் பெரிதும் சாத்தியம். நேரகாலமின்றி, குளிர்ந்த நிலையிலும் அணையுமானால் மின்வழங்கியையோ நினைவகத்தையோ சந்தேகிக்கலாம். கணினியை இயக்கியவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயோஸ் பக்கத்துக்குச் சென்றால், பெரும்பாலான கணினிகளில் செயலியின் வெப்பநிலையும் விசிறியின் சுழற்சி வேகமும் எண்களாகத் தெரியும். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினால் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார்க்கலாம். அத்தோடு டாஸ்க் மனேஜரையும் திறந்து பார்க்க வேண்டும். எவ்வேலையும் செய்யாதபோது செயலி 90, 100 சதவீதம் இயங்குவதாகக் காட்டினால், மறைந்திருக்கும் தீய மென்பொருளும் வெப்பத்துக்குக் காரணமாகலாம்.

அடுத்த சோதனைக்கு ஒரு திருப்புளியே போதும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, கையை உள்ளே விடாமல், அதே வேலையை அதே நேரம் செய்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்க. எட்டு, பத்துப் பாகை குறைந்தால் செயலியின் விசிறியில் குறையில்லை. பெட்டிக்குள் காற்றோட்டமே இல்லை என்பது பொருள். முன்வாயில் அடைபட்டிருக்கலாம், பின்விசிறி நின்றிருக்கலாம், பெட்டி சுவரோடு ஒட்டியிருக்கலாம். வெப்பநிலை அசையவில்லையெனில் குற்றம் செயலிக்கும் அதன் தகட்டுத் தொகுதிக்கும் இடையில் உள்ளது. இது சோதனைக்கு மட்டுமே உரியது. தகட்டைக் கழற்றியபடியே விட்டு, மேசை விசிறியை அதன்முன் வைத்துக் காலந்தள்ளுவோர் இங்கு ஏராளம். அவ்விசிறி காற்றுடன் கடற்கரை உப்பையும் தெருப் புழுதியையும் தாய்ப்பலகையின் மேல் நேரே கொண்டுவந்து கொட்டுகின்றது.

இந்த உப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். மார்கழி மழையில் சமையலறை உப்புப் போத்தல் நீர்விடுவதை எல்லோரும் அறிவர். கச்சான் காலத்தில் தூசோடு சேர்ந்து படியும் உப்பு காய்ந்து கிடக்கும். அப்போது அதன் தீங்கு வெப்பத்தைத் தடுப்பதோடு நின்றுவிடும். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கியதும் அதே படிவு ஈரமாகி, மின்னிணைப்புகளை அரித்து, செல்லக்கூடாத இடங்களுக்கும் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும். எனவே கணினியைத் துப்புரவாக்க உரிய காலம் ஆவணி, புரட்டாதி மாதங்களே. மழை வந்தபின் அன்று. உவர்மலைக்கு மட்டுமன்றி கிண்ணியா, மூதூர், நிலாவெளி என விரியும் கரையோரம் முழுவதற்கும் இது பொருந்தும். மார்கழி விடுமுறையில் வாரக்கணக்கில் பூட்டிக்கிடக்கும் பாடசாலைக் கணினி அறைகளுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். நாளொன்றுக்குச் சற்று நேரம் இயங்கிச் சூடாகும் கணினியின் உள்ளே ஈரம் தங்குவது குறைவு. இயங்காது கிடப்பதே விரைவில் அரிபடும்.

துப்புரவாக்கும்போது செருகியைச் சுவரிலிருந்து கழற்றி, பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுசெல்வது நன்று. மென்மையான தூரிகையும் ஊதும் கருவியும் போதுமானவை. ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அளவுமீறிச் சுழன்றால் அதன் அச்சு கெடும். டயர்க் கடையின் காற்றுக் குழாயைப் பயன்படுத்துவோர், அதனூடே நீர்த்துளியும் வரும் என்பதை நினைவிற்கொள்க. விசிறி இதழ்களைவிட, விசிறிக்குக் கீழே தகடுகளின் இடையில் கம்பளிபோல் திரண்டிருக்கும் படலமே பெரும்பாலும் குற்றவாளி. விசிறியைக் கழற்றினாலன்றி அது கண்ணுக்குத் தெரியாது. மின்வழங்கிப் பெட்டியை மாத்திரம் எக்காரணம் கொண்டும் திறத்தலாகாது. செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

துப்புரவின் பின்னரும் வெப்பம் குறையவில்லையெனில் தெர்மல் பேஸ்ட் எனப்படும் பசையைப் பார்க்க வேண்டும். ஆண்டுகள் செல்ல அது காய்ந்து சுண்ணாம்புபோல் ஆகிவிடும். பழையதை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்தெடுத்து, ஒரு சிறு பயறளவு புதிய பசையை நடுவில் இட்டாற் போதும். பற்பசை பூசி அனுப்பும் வழக்கமும் ஆங்காங்கே உண்டு. அது சில நாட்களிலேயே உலர்ந்து முன்னைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். இன்டெல் கணினிகளின் பழைய விசிறிகளில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். அவற்றுள் ஒன்று நழுவியிருந்தாலே வெப்பம் ஏறும் என்பதால், பசைக்கு முன்னரே அவற்றை அசைத்துப் பார்த்துவிடலாம். ஏஎம்டியின் ஏஎம்4 வகைகளில் தகட்டுத் தொகுதியை நேரே இழுத்தால், காய்ந்த பசையோடு செயலியும் பிடுங்கப்பட்டு அதன் ஊசிக்கால்கள் வளைந்துவிடும். சில நிமிடங்கள் இயக்கிப் பசையை இளக்கி, கணினியை அணைத்துச் செருகியையும் கழற்றிய பின்னர், மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

தாய்ப்பலகை உண்மையிலேயே கெடுவதும் உண்டு. அதிலுள்ள சிறு உருளை வடிவக் கொள்ளளவிகளின் தலைப்பகுதி உப்பியோ கசிந்தோ இருந்தால் அத்தீர்ப்புக்கு ஆதாரம் உண்டு எனலாம். இத்தகைய பழுதுக்காக டெல் நிறுவனம் 2005 இல் 30 கோடி டொலரை ஒதுக்க நேர்ந்தது. இங்கும் வெப்பத்தின் பங்கு பெரிது. பத்துப் பாகை கூடும்போது இவற்றின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளர்கள் கையாளும் பொதுக்கணக்கு. எனினும் உப்பிய கொள்ளளவிகளை மட்டும் மாற்றுவது, பற்றாசு பிடிக்கத் தெரிந்த ஒருவருக்குச் சில நூறு ரூபா பொருட்செலவில் முடியும் வேலையே.

திருத்தகத்துக்குக் கொண்டுசெல்வோர், முன்னரே வீட்டில் குறித்த வெப்பநிலையை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடலாம். திருத்திய பின்னர் அதே வேலையில் அது எத்தனை பாகை காட்டுகின்றது என அவ்விடத்திலேயே கேட்டுப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்கலாம். கடை குளிரூட்டப்பட்டதாயின், அந்த எண்ணோடு பத்துப் பாகையையேனும் கூட்டிக்கொள்ள வேண்டும்.