ஊடகப் பட்டப்படிப்பு: நான்கு ஆண்டுகளைத் திட்டமிடுவது எப்படி?

க.பொ.த. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடத்தை எடுக்கும் மாணவிகளிடம் ஒரு கேள்வி எப்போதும் இருக்கும்: "இதை எந்தப் பல்கலைக்கழகத்தில் தொடரலாம்?" பெற்றோரின் கேள்வி வேறு: "படித்து முடித்தால் என்ன வேலை?" இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு நடுவில் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. பட்டப்படிப்புக் காலத்தில் எந்தப் பாடங்களை, எந்த ஒழுங்கில் படிப்பது? ஒரே பட்டத்தைப் பெற்ற இருவரில் ஒருத்தி ஒலிவாங்கியைப் பிடிக்க மட்டும் தெரிந்தவளாக வெளியே வருகிறாள். மற்றவள் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவளாக வருகிறாள். இந்த வேறுபாடு பெரும்பாலும் பாடத் தெரிவில்தான் பிறக்கிறது.

எங்கே படிக்கலாம்?

திருகோணமலை மாணவிகளுக்கு மிக அருகில் இருப்பது கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். அங்குள்ள தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடத்தில் தொடர்பாடல் கற்கை உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகளும், களனிப் பல்கலைக்கழகத்தில் வெகுசனத் தொடர்பாடலும் கற்பிக்கப்படுகின்றன. பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்குக் கொழும்பிலுள்ள இலங்கை இதழியல் கல்லூரியின் டிப்ளோமா ஒரு வழி. தகைமைகள், வெட்டுப்புள்ளி, பயிற்றுமொழி ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த ஆண்டுக்குரிய கைந்நூலையே நம்பவேண்டும். அக்கா படித்த காலத்து விபரம் தங்கைக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஊடகம் மட்டும் படித்தால் போதுமா?

நமது சமூகத்தின் பத்திரிகை முன்னோடியான அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். அவர் தொழிலால் சட்டத்தரணி. பெண் பிள்ளைகளின் கல்விக்காகவும் உழைத்தவர். சட்டமும் கல்வியும் தெரிந்திருந்ததால்தான் அவரிடம் எழுதுவதற்கு விடயம் இருந்தது. இன்றும் இதுவே உண்மை. எழுதும் முறையை ஊடகப் பாடம் கற்றுத்தரும். எழுதவேண்டிய விடயத்தைப் பிற பாடங்களிலிருந்துதான் பெறவேண்டும்.

நாம் எல்லோரும் அறிந்த ஒரு துயரத்தை வைத்தே இதைப் பார்ப்போம். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது மாற்றுப் போக்குவரத்தாக இருந்தது அந்தப் பாதை. "படகு கவிழ்ந்தது, இத்தனை பேர் மரணம்" என்று எழுதுவதற்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் அடுத்த நாள் எழுதவேண்டிய செய்திக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

பாதையை இயக்க அனுமதி வழங்கும் அதிகாரம் யாருக்கு? இதற்கு உள்ளூராட்சி நிர்வாகமும் பொதுச் சட்டமும் தெரியவேண்டும். பாலத்தின் ஒப்பந்தக் காலம் எவ்வளவு, அதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு? இதற்கு அரச நிதி பற்றிய அறிவு வேண்டும். ஆவணங்களை எப்படிப் பெறுவது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி எந்தக் குடிமகளும் காரணம் சொல்லாமலே தகவல் கோரலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைத் தெரிவிக்கவேண்டும். கிடைக்கும் ஆவணம் சிங்களத்தில் இருந்தால்? அங்கே மொழி வேண்டும். பிள்ளையை இழந்த தாயிடம் எப்போது, எப்படிப் பேசுவது. பேசாமலே திரும்பிவர வேண்டிய நேரம் எது? இது ஊடக ஒழுக்கம். கைபேசிகளில் பரவும் பெயர்ப் பட்டியலை நம்பலாமா? இது செய்தி சரிபார்த்தல். செய்தி கொண்டுவரப்பட்டால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு சூறா அல்ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நம்மைப் பணிக்கிறது. மார்க்கம் கடமையாக்கிய பழக்கத்தைத்தான் இந்தப் பாடம் தொழிலாகக் கற்பிக்கிறது.

துறைமுகச் செய்திகளும் இப்படித்தான். சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் தொடர்பான ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. அக்கம்பனியில் 51 சதவீதம் கூட்டுத்தாபனத்துடையது. நம் வீட்டு வாசலில் நடக்கும் இந்த விடயத்தை விளங்கிக்கொள்ள அடிப்படைப் பொருளியல் வேண்டும். இல்லையேல் அமைச்சர் சொன்னதையும் எதிர்க்கட்சி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுவதோடு நம் வேலை முடிந்துவிடும்.

ஆண்டுவாரியாக ஒரு திட்டம்

ஒவ்வொரு பீடத்திலும் கட்டாய அலகுகளும் தெரிவு அலகுகளும் வேறுபடும். ஆயினும் பின்வரும் ஒழுங்கு எங்கும் பயன்படும்.

முதலாம் ஆண்டு மொழிக்குரியது. பிழையற்ற தமிழில் செய்தி எழுதுதல், ஆங்கிலம், சிங்களம், அடிப்படைப் புள்ளிவிபரம். மூவின மக்களும் வாழும் திருகோணமலையில் சிங்களம் பழக அயலவரே ஆசிரியர். இந்த வசதி எல்லா ஊர்களிலும் இல்லை.

இரண்டாம் ஆண்டில் ஊடகச் சட்டமும் ஒழுக்கமும் கட்டாயம் முடியவேண்டும். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் கருத்துச் சுதந்திரம், 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்ட பின்னும் தொடரும் குடியியல் பொறுப்பு, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆகியவற்றைத் தெரியாமல் ஒரு முகநூல் பதிவுகூட இடுவது ஆபத்து. ஒலிப்பதிவு, ஒளிப்படம், காணொளித் தொகுப்பு ஆகிய செய்முறைகளையும் இவ்வாண்டில் தொடங்கலாம்.

மூன்றாம் ஆண்டில் ஒரு துறையைப் பற்றிக்கொள்ளுங்கள். மீன்பிடி, கரையோரச் சூழல், சுகாதாரம், அரச நிதி என எதுவாகவும் இருக்கலாம். தெரிவு அலகுகளை அந்தத் துறையைச் சுற்றியே எடுங்கள். தொழிற்பயிற்சிக்குச் செல்வதும் சட்டம் படித்த பிறகே நல்லது.

நான்காம் ஆண்டின் ஆய்வேடு அதே துறையில் அமையட்டும். அத்துடன் முதலாம் ஆண்டிலிருந்து செய்த நல்ல ஒப்படைகளைத் தொகுத்து வையுங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழுக்கு அடுத்தபடி பேசுவது அந்தத் தொகுப்பே.

நேரக் கணக்கு

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது ஆண்டுக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால உழைப்பு. விரிவுரைப் பாடமாயின் அதில் 15 மணித்தியாலமே வகுப்பறையில் கழியும். மீதி 35 வாசிப்பு, எழுத்து, களவேலை. ஓர் அரையாண்டில் 15 கிரெடிட் எடுத்து, 15 வாரம் படித்தால், வாரம் 50 மணித்தியாலம் உழைக்கவேண்டும். தொழிற்பயிற்சிக்கோ ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணித்தியாலம். ஆகவே, ஒப்படைகள் அதிகமுள்ள எழுத்துப் பாடங்களையும் களவேலை அதிகமுள்ள செய்முறைப் பாடங்களையும் ஒரே அரையாண்டில் குவிக்காதீர்கள். மகள் வீட்டில் இருக்கும் நாட்களும் படிப்பு நாட்களே என்பதைப் பெற்றோரும் உணரவேண்டும்.

பெற்றோரின் அச்சம்

"பெண் பிள்ளைக்கு ஏற்ற தொழிலா?" என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நமது நகரிலேயே 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கடற்கரையில் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டபோது, துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிய படங்களை எடுத்தவர் 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மைக்கு விலை உண்டு என்பதை இந்த ஊர் அறியும். அதனால்தான் சட்டமும் பாதுகாப்பும் பற்றிய பாடங்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்கிறோம்.

அதேவேளை இந்தப் பட்டம் ஒரே வாசலுக்கு மட்டும் திறப்பதல்ல. மொழிபெயர்ப்பு, வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பு, பதிப்பகம், நிறுவனங்களின் தொடர்பாடல் பிரிவு, ஆசிரியத் தொழில் எனப் பல வழிகள் உண்டு. மும்மொழி தெரிந்த பட்டதாரிக்கு அவை இன்னும் விரியும். இரவுப் பணி வேண்டாம் என்று கருதும் குடும்பம், பிள்ளையின் பட்டத்தை மறுக்கத் தேவையில்லை. தெரிவு அலகுகளை அதற்கேற்ப அமைத்தால் போதும்.

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் பல மாதங்கள் கிடைக்கின்றன. அக்காலத்தில் மூன்று வேலைகள் செய்யலாம். தினமும் ஒரு செய்தியை இரண்டு பத்திரிகைகளில் ஒப்பிட்டு வாசியுங்கள். சிங்களம் எழுத வாசிக்கப் பழகுங்கள். உங்கள் கிராமத்தின் வீதி, கிணறு, வைத்தியசாலை என ஏதாவதொன்றைப் பற்றித் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒன்றை எழுதிக் கொடுங்கள். பதில் வந்தால் அதுவே உங்கள் முதல் செய்திக்கான மூலம். பதில் வராவிட்டால், ஏன் வரவில்லை என்பது முதல் செய்தி.