ஹெல்கேட்டும் கோர்சேரும்: திருகோணமலை, 1944

குமரிமுனைக்குக் கிழக்கே, கடலுக்கு அப்பாலுள்ள திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, 1944 ஏப்ரல் 19 அன்று சுமத்ராவின் வடமுனையை அடுத்த சபாங் துறைமுகத்தைத் தாக்கிய நேசநாட்டுக் கப்பற்படையில், அமெரிக்கக் கப்பலான ‘சரடோகா’ ஹெல்கேட் விமானங்களையும், பிரிட்டிஷ் கப்பலான ‘இல்லஸ்ட்ரியஸ்’ அமெரிக்காவில் செய்யப்பெற்ற கோர்சேர்களையும் சுமந்து சென்றன. இரண்டுக்கும் சுமார் 2,000 குதிரைசக்தி கொண்ட ஒரே இன எஞ்சின்தான். ஆயினும், பெரிய சுழல்விசிறி தளத்தில் தட்டாதிருக்கும் பொருட்டுக் கோர்சேரின் இறக்கை கீழ்நோக்கி வளைந்து மேலெழுவதையும், பிரிட்டிஷ் கப்பலின் தாழ்ந்த கூடத்தில் அடங்குவதற்காக அதன் நுனிகள் சுமார் 8 அங்குலம் குறைக்கப்பட்டிருப்பதையும் காண்க.

லகுவாகத் திரும்பவல்ல ஜப்பானிய ஜீரோ விமானத்தோடு வட்டமிட்டுப் பொருதாமல், உயரத்திலிருந்து பாய்ந்து சுட்டு மீண்டும் மேலேறுவதும், ஜோடியாகக் குறுக்கே பின்னிப் பறந்து ஒருவர் முதுகை ஒருவர் காப்பதும் அமெரிக்கக் கடற்படை விமானிகளின் யுத்ததந்திரம். பின்னதை வகுத்தவர் அக்கடற்படையின் ஜான் தாச். இவ்விரு அமெரிக்க விமானங்களுள் வேகத்தில் கோர்சேர் விஞ்சிற்று. கப்பல் தளத்தில் பத்திரமாக இறங்குவதற்கோ ஹெல்கேட்டே உத்தமம்.