ஐந்து வாக்கியக் கடிதம்
"யாரோ சொன்னார்" என்று எழுதியதால் வந்த விபரீதம்!

அது ஒரு சின்னக் கடிதம். மொத்தம் ஐந்தே வாக்கியங்கள். ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும்.

அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் சாட்சிக்கு அழைத்தன. டாக்டர்கள் அதை நம்பினார்கள். டாக்டர்களை நோயாளிகள் நம்பினார்கள். கடைசியில் எத்தனையோ வீடுகளில் அழுகுரல் கேட்டது.

கடிதம் எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. பிறகு தவறு எங்கே நடந்தது?

அதைக் கண்டுபிடிக்க 37 வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்தவர்கள் போலீஸார் அல்லர். "யார் எழுதியதை யார் எடுத்துச் சொன்னார்கள்?" என்று பொறுமையாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள்!

ஆஸ்பத்திரிக் கணக்கு

அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு நகரம். அங்கே ஹெர்ஷல் ஜிக் என்ற டாக்டர் இருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், அதனால் என்ன கெடுதல் வந்தது என்று குறித்து வைப்பது அவருடைய வேலை.

கடுமையான வலிக்கு அபினி வகை மருந்து கொடுப்பது உண்டு. மார்பின் அந்த வகையைச் சேர்ந்தது. வலி போய்விடும். ஆனால் ஒரு பயமும் உண்டு. சிலர் அந்த மருந்துக்கு அடிமையாகிவிடுவார்கள். அது இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலை வந்துவிடும்.

டாக்டர் ஜிக், தம்மிடம் இருந்த 39,946 நோயாளிகளின் குறிப்புகளைப் புரட்டினார். அவர்களில் 11,882 பேருக்கு அபினி வகை மருந்து ஒரு தடவையாவது கொடுத்திருந்தார்கள். முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில், அடிமையானதாகத் தெளிவாகத் தெரிந்தவர்கள் நான்கே பேர்!

இதை அவரும், உதவியாளர் ஜேன் போர்ட்டரும் கடிதமாக எழுதினார்கள். 1980-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி, "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்" என்ற பேர்பெற்ற வைத்தியப் பத்திரிகையில், ஆசிரியருக்குக் கடிதம் என்ற பகுதியில் அது வெளியாயிற்று.

அதில் இருந்தது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களின் கணக்கு. அங்கே மருந்துப் பெட்டியின் சாவி நர்ஸின் கையில். எவ்வளவு மருந்து, எத்தனை நாள் என்று கடிதம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆயிற்று என்றும் சொல்லவில்லை.

வீட்டில் மாதக் கணக்கில் இந்த மருந்தை விழுங்குகிறவனுக்கு என்ன ஆகும்? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லை.

சாட்சி சொல்லும் சின்ன எண்

கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறார்கள். "பையன் தங்கமானவன்" என்கிறார் தரகர். பெண் வீட்டுப் பாட்டி சும்மா இருப்பாளா? "யார் சொன்னது?" என்று கேட்பாள்.

ஆராய்ச்சி உலகத்திலும் அதே வழக்கம்தான். ஒருவர் கட்டுரை எழுதும்போது, தாமே கண்டறியாத விஷயத்தைச் சொன்னால் அதற்குச் சாட்சி காட்ட வேண்டும். வாக்கியத்தின் முடிவில் ஒரு சின்ன எண் இருக்கும். கட்டுரையின் கடைசியில், அந்த எண்ணுக்கு நேரே, இன்னார் இன்ன பத்திரிகையில் இத்தனையாம் பக்கத்தில் எழுதியது என்று குறிப்பு இருக்கும். இதற்கு மேற்கோள் என்று பெயர்.

மேற்கோள் காட்டுவது ஒரு மரியாதை. "இது என் சொத்து அல்ல, அவர் கண்டுபிடித்தது" என்று ஒப்புக்கொள்வது. படிக்கிறவருக்கும் அது ஒரு வசதி. சந்தேகம் வந்தால் மூலத்தைத் தேடிப்போய்ப் பார்க்கலாம்.

ஆனால் யாராவது தேடிப்போய்ப் பார்த்தால்தானே!

கடிதம் "ஆராய்ச்சி" ஆயிற்று

பாஸ்டன் கடிதத்தை முதலில் சிலர் எடுத்துக் காட்டினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் காட்டினார்கள். கைமாறக் கைமாறக் கடிதம் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

"ஆஸ்பத்திரியில்" என்ற வார்த்தை வழியில் விழுந்துவிட்டது. "அபினி வகை மருந்து சாப்பிட்டால் அடிமையாவது அபூர்வம்" என்பது மட்டும் நின்றது. சின்னக் கடிதம் என்பதும் மறந்து போயிற்று. "விரிவான ஆராய்ச்சி" என்று சிலர் எழுதினார்கள்.

1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற புதிய மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதுவும் அபினி வகைதான். "பயம் வேண்டாம், அடிமையாக மாட்டார்கள்" என்று டாக்டர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். அதற்குச் சாட்சியாக அந்தப் பழைய கடிதமும் வந்து நின்றது.

முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கூட மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் பலர் அதை விட முடியாமல் தவித்தார்கள். மாத்திரை கிடைக்காதபோது தெருவில் விற்கும் ஹெராயினைத் தேடிப் போனவர்களும் உண்டு.

2007-ல், மாத்திரையை விற்ற கம்பெனியைச் சேர்ந்த நிறுவனம் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டியது என்பது குற்றம். சுமார் 60 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது.

போன உயிர்கள் திரும்புமா? 1999 முதல் 2019 வரை, அபினி வகை மருந்தும் போதைப் பொருளும் அளவு மீறியதால் அமெரிக்காவில் இறந்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். இதற்கெல்லாம் ஒரு கடிதம் மட்டுமே காரணம் அல்ல. ஆனால் கதவைத் திறந்துவிட்ட சாவிகளில் அதுவும் ஒன்று.

டொராண்டோவில் துப்பு

கனடா தேசத்தில் டொராண்டோ நகரம். அங்கே டேவிட் ஜுர்லிங்க் என்ற டாக்டரும் அவருடைய நண்பர்களும் ஒரு காரியம் செய்தார்கள். அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எல்லாவற்றையும் தேடிப் பிடித்தார்கள்.

கிடைத்தவை 608! அதே காலத்தில் அதே பத்திரிகையில் வந்த மற்றக் கடிதங்களையும் பார்த்தார்கள். சாதாரணமாக ஒரு கடிதத்துக்கு 11 மேற்கோள் கிடைத்திருந்தது.

பிறகு அந்த 608 இடங்களையும் இரண்டு பேர் தனித்தனியே படித்தார்கள். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது. கணக்கு முடிந்ததும் கிடைத்த விடை இது:

439 கட்டுரைகள், அடிமையாவது அபூர்வம் என்பதற்கு அந்தக் கடிதத்தையே ஆதாரமாகக் காட்டியிருந்தன. அதாவது 100-க்கு 72.

491 கட்டுரைகள், அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. அதாவது 100-க்கு 81.

ஆக்ஸிகான்டின் வந்த பிறகு மேற்கோள்கள் மளமளவென்று ஏறியிருந்தன.

2017 ஜூன் மாதம் இந்தக் கணக்கு வெளியாயிற்று. எந்தப் பத்திரிகையில் தெரியுமா? கடிதம் வந்த அதே பத்திரிகையில்!

கோழிக் கொட்டகையில் பிறந்த யோசனை

ஒரு கட்டுரையின் கடைசியைப் பார்த்தால், அது யாரை மேற்கோள் காட்டியது என்று தெரியும். ஆனால் அதைப் பிற்காலத்தில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள்? அது அதில் இருக்காது. தகப்பனார் பெயரைக் கேட்டால் பிள்ளை சொல்லிவிடுவான். பின்னால் பிறக்கப்போகும் பேரனின் பெயரை அவன் எப்படிச் சொல்வான்?

இதற்கு வழி கண்டவர் யூஜீன் கார்ஃபீல்டு. 1925-ல் நியூயார்க்கில் பிறந்தவர்.

அமெரிக்க வக்கீல்களிடம் 1873 முதல் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு பழைய தீர்ப்பைப் பிற்பாடு எந்தக் கோர்ட் ஏற்றது, எந்தக் கோர்ட் தள்ளியது என்று பட்டியல் போட்டு விற்றார்கள். தள்ளுபடியான தீர்ப்பைக் காட்டி வாதாடினால் வக்கீலின் மானம் போய்விடும் அல்லவா? விஞ்ஞானத்துக்கும் இப்படி ஒரு பட்டியல் ஏன் கூடாது என்று கார்ஃபீல்டு நினைத்தார்.

1955-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். தவறான கட்டுரைகளையும் காலாவதியான கட்டுரைகளையும் யோசிக்காமல் மேற்கோள் காட்டுவதை இது தடுக்கும் என்று அதிலேயே சொன்னார்.

அவரிடம் பெரிய மாளிகை இல்லை. கோழி வளர்த்த ஒரு கொட்டகையை ஆபீசாக மாற்றி வேலை நடத்தினார். 1960-களில் அவருடைய பட்டியல் வெளிவந்தது. முதல் பட்டியலில் 613 பத்திரிகைகளிலிருந்து எடுத்த 14 லட்சம் மேற்கோள்கள். ஐந்து பெரிய தொகுதிகள்! இப்போது இந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

சீர்காழிக்காரரின் கணக்கு

புத்தக உலகத்தைக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் ஒரு தமிழருக்கும் உண்டாயிற்று. அவர்தான் எஸ். ஆர். ரங்கநாதன்.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். புத்தகங்களுக்கு நடுவே போனாலும் கணக்கு அவரை விடவில்லை.

1948-ல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாட்டில் அவர் ஒரு யோசனை சொன்னார். நூலக வேலைகளைப் புள்ளிவிவரம் கொண்டு அளக்கத் தனி இயல் வேண்டும் என்றார். அதற்கு "லைப்ராமெட்ரி" என்று பெயரும் வைத்தார். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணிப் பார்க்கும் இன்றைய இயலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தப் பெயரையும் குறிப்பிடுகிறார்கள்.

காப்பி அடித்தவன் அகப்பட்ட விதம்

படித்தவர்கள்தானே மேற்கோள் காட்டியவர்கள்? மூலத்தைப் படிக்காமலா எழுதியிருப்பார்கள்?

பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு ஒரு தந்திரம் தெரியும். இரண்டு பையன்கள் சரியான விடை எழுதினால் சந்தேகம் இல்லை. இருவரும் ஒரே தப்பை எழுதியிருந்தால்? ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதியிருக்கிறான்!

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சிம்கின், ராய் சௌத்ரி என்ற இருவர் இந்தத் தந்திரத்தையே கையாண்டார்கள். ஒரு புகழ்பெற்ற கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். அதைச் சுமார் 4,300 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் 196 இடங்களில் பக்க எண், தொகுதி எண் போன்றவை பிழையாக இருந்தன.

அவை 196 விதமான பிழைகளா? இல்லை! 45 விதம்தான். அதிலும் ஒரே ஒரு பிழை 78 கட்டுரைகளில் அப்படியே இருந்தது. மூலத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் பக்க எண் சரியாக இருந்திருக்கும். முன்னால் எழுதியவரின் பட்டியலைப் பார்த்து எழுதினார்கள். பிழையும் கூடவே வந்துவிட்டது.

மேற்கோள் காட்டுகிறவர்களில் மூலத்தைப் படிப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான் என்று அவர்கள் 2003-ல் மதிப்பிட்டார்கள். மற்றவர்கள் காதில் விழுந்ததை எழுதுகிறவர்கள்!

கடிதத்தின் தலைமேல் எச்சரிக்கை

பாஸ்டன் கடிதம் இன்றும் அந்தப் பத்திரிகையின் பழைய இதழில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதைத் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் கண்ணில் படும். இந்தக் கடிதத்தைப் பலர் ஆராயாமல் மேற்கோள் காட்டிவிட்டார்கள் என்று 2017-ல் பத்திரிகையின் ஆசிரியர்கள் சேர்த்த குறிப்பு அது.

தம்முடைய கடிதம் இப்படிப் பயன்பட்டதற்காக டாக்டர் ஜிக்கும் அந்த வருஷம் நிருபர்களிடம் வருத்தம் தெரிவித்தார்.

யாராவது ஒருவர் நடுவில் நின்று, அந்த ஐந்து வாக்கியங்களையும் ஒரு தடவை படித்திருக்கலாம். படிக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. "இது ஆஸ்பத்திரிக் கணக்கு அல்லவா? வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டிருக்கலாம். படித்துக் கேட்டவர்களும் சிலர் இருந்தார்கள். படிக்காதவர்கள் கூட்டத்தில் அவர்கள் குரல் எடுபடவில்லை.

கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும். "ஆராய்ச்சியாளர் கூறுகிறார்" என்று ஒரு வரி வரும். பெற்றோருக்கு அந்தப் பாடம் தெரியாமல் இருக்கலாம். பாட்டி கேட்கும் கேள்வி தெரியாதா?

"யார் சொன்னது? எங்கே சொன்னார்? நீ பார்த்தாயா?"

இந்த மூன்றையும் கேட்டால் போதும்.