கப்பல் மாடல் வாங்கப் போறீங்களா? முதல்ல பசைக்கு பட்ஜெட் போடுங்க!

போன மாசம் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, மூணு நாள் லீவுக்குக் கொல்லிமலை போனேன். நிம்மதியா உட்கார்ந்து கட்டலாம்னு டைட்டானிக் மாடல் கிட் ஒண்ணையும் எடுத்துட்டுப் போனேன். பெட்டியைத் திறந்தா பாகங்கள் மட்டும்தான். பசையும் இல்ல, பெயின்டும் இல்ல! பெரும்பாலான பிளாஸ்டிக் கிட்டுக்கு இதெல்லாம் தனியாத்தான் வாங்கணும். செம்மேடு கடைகள்ல மிளகு கிடைச்சது, மாடல் பசை கிடைக்கல. ஆடிட்டரே இப்படிக் கோட்டை விட்டா எப்படி?

வாங்குற விலை வேற, நடத்துற செலவு வேற. நிஜக் கப்பலுக்கும் இதே கணக்குதான். 1906-ல வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம். பங்கு ஒண்ணு 25 ரூபாய். கப்பல்களும் வாங்கிட்டாங்க. ஆனா ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது, 1908-ல வ.உ.சி. சிறைக்குப் போனார். நஷ்டத்தைத் தாங்கி ஓட்ட முடியாம கம்பெனி முடங்கியது.

உங்க கணக்கைப் போடுங்க. கிட் 4,000 ரூபாய்னா பசை, பெயின்ட், பிரஷ், கட்டர், கண்ணாடிப் பெட்டி சேர்த்து 8,000 வெச்சுக்கோங்க. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா சுங்க வரி தனி. 269 மீட்டர் டைட்டானிக், 1:350 அளவுல 77 செ.மீ. வரும், வைக்க வீட்ல இடம் இருக்கா?

100 மணி நேரம் கட்டினா, மணிக்கு 80 ரூபாய்தான். நல்ல பொழுதுபோக்கு! ஆனா பிரிக்காத கிட் அலமாரியில தூங்குற காசு. அதனால முதல் கப்பல் முடியாம இரண்டாவது வாங்காதீங்க.